பொறியியல் மாணவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொறியியல் மாணவர்களுக்குத் தொழில்நுட்ப எழுத்து வகுப்பு எடுக்கப்போகும் ஆசிரியர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. இடையில் இரண்டு மூன்று மாணவர்கள் கேட்டவை. ஆய்வக அறிக்கை, ப்ராஜெக்ட் ரிப்போர்ட், ஆய்வுக் கட்டுரை, வேலையிடத்துக் குறிப்புகள் என எல்லாவற்றையும் சேர்த்தே 'எழுத்து' என்று சொல்கிறேன்.

ஆங்கில இலக்கணத்தை ஒழுங்காக நடத்திவிட்டால் எழுத்து தானாக வந்துவிடாதா?

வராது. நானும் அப்படி நினைத்துத்தான் தொடங்கினேன். முதல் இரண்டு ஆண்டுகள் காலம், உருபு, நிறுத்தக்குறி என்று பாடம் நடத்தினேன். பயிற்சித் தாளில் முழு மதிப்பெண் வாங்கிய மாணவி ஒருத்தி, பம்ப் சோதனை ஒன்றைப் பற்றி அறிக்கை கொடுத்தாள். ஒரு பிழைகூட இல்லை. ஆனால் எந்தப் பம்ப், எந்த வேகத்தில் ஓட்டினார்கள், கடைசியில் அது தேறியதா இல்லையா, ஒன்றும் தெரியவில்லை. கூப்பிட்டுக் கேட்டேன். "அதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியுமே சார்" என்றாள்.

கோளாறு முழுவதும் அந்தப் பதிலில் இருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்தே இவர்கள் விடை தெரிந்த ஒருவருக்கே எழுதி வந்திருக்கிறார்கள். அவர் விஷயத்தைத் தெரிந்துகொள்ளப் படிப்பதில்லை. இவர்களுக்குத் தெரியுமா என்று பார்க்கப் படிக்கிறார். விட்டுப்போனதை அவரே மனத்தில் நிரப்பிக்கொண்டு மதிப்பெண் போட்டுவிடுகிறார். வேலைக்குப் போனதும் இது அப்படியே தலைகீழாகிறது. எழுதுகிறவருக்குத் தெரியும், படிக்கிறவருக்குத் தெரியாது. படித்துவிட்டு அவர் எதையாவது வாங்க வேண்டும், நிறுத்த வேண்டும், திருத்த வேண்டும். ஆசிரியராகிய நாம் இத்தனை நாளும் போலி வாசகர்களாக இருந்திருக்கிறோம். மாணவர்களுக்கு நிஜ வாசகர் ஒருவரைக் கண்ணில் காட்டுவதுதான் இந்த வகுப்பின் வேலை என்று இப்போது நினைக்கிறேன். இலக்கணம் அதற்குப் பிறகு.

இந்த வகுப்பை ஆங்கில ஆசிரியர் எடுப்பதா, துறை ஆசிரியர் எடுப்பதா?

ஆங்கில ஆசிரியருக்கு ஒரு பெரிய பலம் உண்டு: "எனக்குப் புரியவில்லை" என்று நடிக்காமல் சொல்ல முடியும். துறை ஆசிரியருக்கு வேறு பலம்: அழகாக எழுதிய தப்பைக் கண்டுபிடிப்பார். ஒருவரிடம் மட்டும் விட்டால் பாதி வேலைதான் நடக்கும்.

நடைமுறையில் எனக்குச் சரிப்பட்டு வந்த வழி, எழுத்து வகுப்புக்கென்று தனியாகத் தலைப்பு கொடுக்காமல், அதே பருவத்தில் ஏதாவது ஒரு ஆய்வகத்தில் அவர்கள் எழுதியாக வேண்டிய அறிக்கையையே எடுத்துக்கொள்வது. இரண்டு ஆசிரியர்களும் அதே தாளைப் படிக்கிறார்கள். 'எழுத்து என் பாடமல்ல' என்று சொல்லும் துறை ஆசிரியரிடம் ஒன்றை நினைவூட்டலாம். பொறியியல் பட்டங்களைப் பல நாடுகள் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ள 1989இல் தொடங்கிய வாஷிங்டன் ஒப்பந்தம், பட்டதாரிக்கு இருக்க வேண்டிய திறன்களில் ஒன்றாகத் தகவல் பரிமாற்றத்தையும் வைத்திருக்கிறது. அது அவருடைய பட்டத்தின் பகுதிதான்.

முதல் வகுப்பில் என்ன செய்யலாம்?

விரிவுரை வேண்டாம். குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளில் பத்துப் பன்னிரண்டை எடுத்து, ஒன்றோடொன்று பொருத்தி ஓர் உருவம் செய்துகொள்ளுங்கள். வகுப்பில் பாதிப் பேர் அதைப் பார்த்துச் செய்முறை எழுத வேண்டும். படம் வரையக் கூடாது. மீதிப் பேர் உருவத்தைப் பார்க்காமல், எழுதியதை மட்டும் வைத்துக்கொண்டு அதைக் கட்ட வேண்டும். எழுதியவர் பக்கத்தில் நின்று பார்க்கலாம், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. அந்தக் கடைசி விதியை மட்டும் தளர்த்திவிடாதீர்கள்.

எழுதியவர் படும் பாட்டைப் பார்க்க வேண்டும். 'நீலக் கட்டையைப் பக்கத்தில் வை' என்று எழுதியிருப்பார். எந்தப் பக்கம்? கட்டுகிறவர் இடப்பக்கம் வைப்பார், இவர் தலையில் கை வைத்துக்கொள்வார். முதல் வரியில் 'கட்டை' என்றது ஐந்தாம் வரியில் 'துண்டு' ஆகியிருக்கும். அது வேறொன்றோ என்று கட்டுகிறவர் மேசையெல்லாம் தேடுவார். 'சிவப்பை அழுத்திப் பொருத்து, அதற்கு முன் மஞ்சளைத் திருப்பிக்கொள்' என்றொரு வரி வரும். அதற்குள் சிவப்பு பொருந்திவிட்டிருக்கும்.

மறுவாரம் அதே குறிப்பைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லித்தராத விதிகளை அவர்களே கண்டுபிடித்திருப்பார்கள்: ஒரு வாக்கியத்துக்கு ஒரு வேலை, ஒரு பொருளுக்கு ஒரே பெயர், முன்னெச்சரிக்கை முன்னால். அப்புறம்தான், விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கு இதையே விதியாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்று நான் சொல்வேன். 'எளிமையாக்கிய தொழில்நுட்ப ஆங்கிலம்' என்ற அந்தத் தரநிலைப்படி செய்முறை வாக்கியம் 20 சொற்களையும், விளக்க வாக்கியம் 25 சொற்களையும் தாண்டக் கூடாது. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். 'ஃபாலோ' என்றால் பின்னால் வருவது மட்டுமே. விதியைக் கடைப்பிடிப்பது என்ற பொருளில் அதை எழுத முடியாது. ஆங்கிலம் தாய்மொழியல்லாத மெக்கானிக்குகள் உலகெங்கும் அந்தக் கையேடுகளைப் படிக்கிறார்கள் என்பதால் 1980களில் உருவான ஏற்பாடு அது. சொல் வளம் காட்டினால்தான் நல்ல எழுத்து என்று பள்ளியில் கேட்டு வளர்ந்த மாணவர்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருக்கும்.

அறிக்கையை எந்த வரிசையில் எழுதச் சொல்ல வேண்டும்?

படிக்கிற வரிசை வேறு, எழுதுகிற வரிசை வேறு. முன்னுரை, முறை, முடிவுகள், விவாதம் என்ற அமைப்பு அறிவியல் இதழ்களில் 1970களில் நிலைபெற்றது. அது வாசகரின் வசதிக்கானது. எழுதுகிறவர் அதே வரிசையில் உட்கார்ந்தால் முன்னுரையின் முதல் வரியிலேயே மாட்டிக்கொள்வார்.

படங்களையும் அட்டவணைகளையும் முதலில் மேசையில் பரப்பச் சொல்லுங்கள். எந்த வரிசையில் வைத்தால் கதை புரிகிறது என்று பார்க்கட்டும். ஒவ்வொரு படத்துக்கும் கீழே 'இதிலிருந்து தெரிவது என்ன' என்று ஒரே ஒரு வாக்கியம். முடிவுகள் பகுதிக்கு எலும்புக்கூடு தயார். ஞாபகம் இருக்கும்போதே முறையை எழுதிவிட வேண்டும். பிறகு விவாதம், அதற்குப் பிறகு முன்னுரை, எல்லாவற்றுக்கும் கடைசியில் சுருக்கம்.

ஒரு எச்சரிக்கை. நிறுவனத்துக்குள் எழுதும் அறிக்கைக்கு இந்த அமைப்பு பொருந்தாது. அங்கே முடிவும் பரிந்துரையும் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். எப்படிச் சோதித்தோம் என்பது பின்னிணைப்புக்குக்கூடப் போகலாம். துப்பறியும் கதைபோல் முடிவைக் கடைசிவரை ஒளித்து வைத்தால் மேலாளர் அதுவரை வரமாட்டார்.

எல்லா முன்னுரையும் 'இன்றைய நவீன உலகில்' என்றே தொடங்குகிறதே?

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாததால் உலகம் தோன்றியதிலிருந்து தொடங்குகிறார்கள். ஜான் ஸ்வேல்ஸ் என்ற மொழியியலாளர் ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளை ஆராய்ந்து, அவற்றில் மூன்று நகர்வுகள் திரும்பத் திரும்ப வருவதைக் காட்டினார். 1990இல் அதைச் செப்பனிட்டு வெளியிட்டார். முதலில் களத்தைக் காட்டுவது. அடுத்து அந்தக் களத்தில் ஒரு காலியிடத்தைக் காட்டுவது. பிறகு அந்தக் காலியிடத்தில் தான் உட்காருவது.

கற்பனையாக ஒரு உதாரணம். 'பாலங்களின் விரிசலைக் கேமராப் படத்தை வைத்துக் கண்டறியும் முறைகள் வந்துள்ளன. ஆனால் அவை காய்ந்த பரப்பில் எடுத்த படங்களில்தான் சோதிக்கப்பட்டிருக்கின்றன. ஈரமான பரப்பில் நீர்க்கோடும் விரிசலைப்போலவே தெரியும். இந்த ஆய்வில் ஈரப் பரப்பில் எடுத்த படங்களை வைத்து அதே முறைகளைச் சோதிக்கிறோம்.' மூன்று நகர்வும் நான்கைந்து வரியில் முடிந்துவிட்டது.

மாணவர்கள் தடுமாறுவது இரண்டாவது நகர்வில். முதல் நகர்வை இரண்டு பக்கம் எழுதுவார்கள், சட்டென்று மூன்றாவதுக்குத் தாவுவார்கள். அதனால் வகுப்பில் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறேன்: உன் முன்னுரையில் 'ஆனால்' எங்கே இருக்கிறது என்று காட்டு. 'ஆனால்' இல்லையென்றால் இந்த ஆய்வை ஏன் செய்தாய் என்பது உனக்கே இன்னும் தெரியவில்லை.

சுருக்கத்துக்கு ஏதாவது வழிமுறை உண்டா?

சுருக்கம் பொருளடக்கம் அல்ல. 'இந்த அறிக்கையில் முடிவுகள் விவாதிக்கப்படுகின்றன' என்ற வாக்கியத்தை எங்கே பார்த்தாலும் அடித்துவிடுங்கள். என்ன முடிவு என்று எண்ணோடு சொல்லச் சொல்லுங்கள். பலர் அந்த 200 சொற்களோடு நின்றுவிடுவார்கள், அதற்குமேல் திறக்கவே மாட்டார்கள்.

செயப்பாட்டு வினையில்தான் எழுத வேண்டும் என்பது கட்டாயமா?

'நாங்கள்' என்று எழுதினால் அறிவியல் தீட்டுப்பட்டுவிடும் என்ற பயம் இன்னும் பல துறைகளில் இருக்கிறது. இப்போது பல ஆய்விதழ்கள் 'நாங்கள்' என்பதைத் தாராளமாக ஏற்கின்றன. அனுப்பப்போகும் இதழின் வழிகாட்டுதலைப் பார்த்துவிட்டு எழுதினால் போதும்.

உண்மையில் செயப்பாட்டு வினை குற்றவாளி அல்ல. 'மாதிரி 110 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்தப்பட்டது' என்பதில் ஒரு குறையும் இல்லை. யார் உலர்த்தினால் என்ன? எழுத்தைக் கெடுப்பது வேறொன்று: வினையைப் பெயராக்கி, அதற்கு ஒரு துணைக்கு ஆள் சேர்ப்பது. 'வெப்பநிலை அளவீடு மேற்கொள்ளப்பட்டது', 'தரவுகளின் மீதான பகுப்பாய்வு நிகழ்த்தப்பட்டது'. அளந்தோம், பகுத்துப் பார்த்தோம் என்றால் முடிந்தது. தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே நோய்தான் இது.

யாரோ ஒருவர் முடிவெடுத்த இடத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். 'மூன்று அளவீடுகள் நீக்கப்பட்டன' என்று எழுதினால் விடமாட்டேன். நீக்கியது யார், ஏன்? அங்கே 'நாங்கள்' வந்தே ஆக வேண்டும், கூடவே காரணமும்.

வரைபடம் போடுவதை எழுத்து வகுப்பில் நடத்த வேண்டுமா?

கட்டாயம். பொறியியல் வாசகர் முதலில் பார்ப்பது படத்தைத்தான். அச்சுக்குப் பெயர், அலகு, படத்துக்குத் தலைப்பு என்பதெல்லாம் சரிதான், அது அரை மணி நேரப் பாடம். எதை வரைவது, எதை விடுவது என்பதுதான் கஷ்டம். அதற்கு நான் 'சேலஞ்சர்' விண்வெளி ஓடத்தை எடுத்துக்கொள்வேன்.

1986 ஜனவரி 28 அன்று அது ஏவப்பட்ட சிறிது நேரத்தில் சிதறி, ஏழு பேர் இறந்தார்கள். பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப்போய்ச் சரியாக அடைக்கவில்லை. முந்தைய இரவு நடந்த தொலைபேசிக் கூட்டத்தில் பூஸ்டரைச் செய்த நிறுவனத்தின் இன்ஜினியர்கள் 'ஏவ வேண்டாம்' என்றே சொன்னார்கள். அவர்கள் அனுப்பிய தாள்களில் முந்தைய ஏவுதல்களில் வளையங்களுக்கு ஏற்பட்ட சேதமும் வெப்பநிலையும் இருந்தன. ஆனால் முந்தைய எல்லா ஏவுதல்களையும் சேர்த்து இரண்டையும் ஒரே படத்தில் காட்டியதாக ஒன்றுமில்லை. சேதம் ஏற்பட்டவற்றை மட்டும் பார்த்தால் வெப்பநிலைக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியாது. சேதமே இல்லாதவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது விசாரணைக் குழுவுக்குக் கிடைத்த கணக்கு வேறு: 66 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் நடந்த 20 ஏவுதல்களில் மூன்றில்தான் சேதம், 63 டிகிரியும் அதற்குக் கீழும் நடந்த நான்கிலும் சேதம்.

ஒன்றும் நடக்காத நாளும் தரவுதான். பூச்சியத்தை விட்டுவிட்டுப் படம் வரைந்தால் படம் பொய் சொல்லும். இதை மாணவர்களிடம் சொல்லும்போது, அந்த இன்ஜினியர்களைக் குற்றவாளிகளாக்கிவிடாதீர்கள். அவர்களுக்குக் கிடைத்தது சில மணி நேரம்; அவர்கள் சொன்னதை மாற்றியது அவர்களுடைய நிர்வாகம். ஒரு நல்ல படம் இருந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். அந்த எண்களை வகுப்பில் கொடுத்து, 'நீங்களே வரையுங்கள்' என்று விட்டுவிடுவேன். முதல் முயற்சியில் பலர் சேதமுள்ளவற்றை மட்டும்தான் வரைகிறார்கள், கதையைக் கேட்ட பிறகும்கூட.

எண்கள், அலகுகள்?

கால்குலேட்டர் காட்டிய எட்டு இலக்கத்தையும் அப்படியே எழுதுவது எழுத்துப் பிழைதான். நிறுத்துக் கடிகாரம் பத்தில் ஒரு விநாடிவரை காட்டினால், அதை வைத்துக் கணக்கிட்ட முடுக்கத்துக்கு ஏழு தசம இலக்கம் எங்கிருந்து வரும்? எண்ணுக்கும் அலகுக்கும் இடையே ஓர் இடைவெளி. அலகின் குறியீட்டில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றல்ல: மில்லிவாட்டுக்கும் மெகாவாட்டுக்கும் இடையே 100 கோடி மடங்கு வித்தியாசம். 1999 செப்டம்பரில் செவ்வாய்க் கோளை நெருங்கிய ஆர்பிட்டர் விண்கலம் தொலைந்துபோனதற்குக் காரணம், ஒரு மென்பொருள் நியூட்டன்-விநாடியில் தர வேண்டிய எண்ணைப் பவுண்டு-விநாடியில் தந்தது, எண்கள் 4.45 மடங்கு தப்பின. அட்டவணைத் தலைப்பில் அலகை எழுத மறக்கும் மாணவருக்கு இந்த ஒரு வரி போதும்.

ஸ்லைடையே அறிக்கையாக ஏற்றுக்கொள்ளலாமா? மாணவர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள்.

வேண்டாம். ஸ்லைடில் 'ஆகையால்' கிடையாது. புள்ளி வைத்த துண்டு வரிகளுக்கு நடுவே எது காரணம், எது விளைவு, எது விதிவிலக்கு என்பதைப் பேசுகிறவர் வாயால் சொல்வார். அவர் போய்விட்டால் அதுவும் போய்விடும்.

2003இல் 'கொலம்பியா' ஓடம் விண்ணில் இருந்தபோது, ஏவுதலில் இறக்கையை மோதிய நுரைத் துண்டு ஆபத்தா என்று ஒரு குழு ஆராய்ந்து ஸ்லைடுகளாகக் கொடுத்தது. ஒரு ஸ்லைடின் தலைப்பு, சோதனைத் தரவுகளைப் பார்த்தால் கணிப்பு பாதுகாப்பான பக்கமே இருக்கிறது என்ற தொனியில் நிம்மதி தந்தது. அதே ஸ்லைடின் அடியில், சின்ன எழுத்தில், மோதிய துண்டின் கனஅளவு 1920 கன அங்குலம், சோதனையில் பயன்படுத்தியது 3 கன அங்குலம் என்று இருந்தது. அதாவது 640 மடங்கு. சோதனை இந்த மோதலைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்பதுதான் செய்தி. தலைப்பில் இருக்க வேண்டியது கடைசி வரியில் கிடந்தது. ஓடம் திரும்பும்போது சிதைந்து ஏழு பேர் இறந்தார்கள். தொழில்நுட்ப அறிக்கைகளுக்குப் பதிலாக ஸ்லைடுகளை நம்பும் பழக்கத்தை விசாரணைக் குழு தன் அறிக்கையில் வெளிப்படையாகவே கண்டித்தது.

வகுப்புக்கு ஒரு பயிற்சி: ஒவ்வொரு ஸ்லைடின் தலைப்பையும் முழு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். 'சோதனை முடிவுகள்' என்பது தலைப்பல்ல. '80 டிகிரிக்கு மேல் பசை பிடிமானத்தை இழக்கிறது' என்பது தலைப்பு.

மின்னஞ்சல், அலுவலகக் குறிப்பு எல்லாம் சொல்லித்தர வேண்டிய விஷயமா?

அறிக்கையைவிட அதிகமாக எழுதப்போவது அதைத்தான். 1977இல் அமெரிக்காவில் ஓர் அணுமின் நிலையத்தில் ஆபரேட்டர்கள் அவசரகாலக் குளிர்நீரை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள், அதிர்ஷ்டவசமாகச் சேதமில்லை. அணுஉலையை வடிவமைத்த நிறுவனத்தின் இன்ஜினியர் ஒருவர் 1978 பிப்ரவரியில் அதை ஆபத்தென்று எழுதி, ஆபரேட்டர்களுக்குப் புதிய அறிவுறுத்தல் அனுப்பச் சொன்னார். குறிப்பு நிறுவனத்துக்குள்ளேயே மேசைக்கு மேசை அலைந்தது. அறிவுறுத்தல் வெளியே போகவில்லை. 1979 மார்ச் 28 அன்று த்ரீ மைல் ஐலண்ட் என்ற இன்னொரு அணுமின் நிலையத்தில் ஆபரேட்டர்கள் அதே தவறைச் செய்தார்கள்.

அதில் குறிப்பின் வாசகத்துக்கு எவ்வளவு பங்கு, நிர்வாகத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பது சுலபமில்லை. என் மாணவர்களுக்கு நான் அதிலிருந்து எடுத்துத் தருவது நான்கு கேள்விகள்: யார் செய்ய வேண்டும், எதை, எந்தத் தேதிக்குள், செய்யாவிட்டால் என்ன ஆகும். இந்த நான்கும் முதல் மூன்று வரிகளில் இல்லாத மின்னஞ்சலைத் திருப்பி அனுப்பிவிடுவேன். 'தங்கள் மேலான கவனத்துக்கு' என்று தொடங்கி எட்டாவது வரியில் விஷயத்துக்கு வரும் பழக்கம் அப்படித்தான் போகும்.

(விபத்துக் கதைகளை ரொம்பவும் சொல்லாதீர்கள். ஆர்வமாகக் கேட்பார்கள். ஆனால் தப்பெல்லாம் எங்கோ யாரோ பெரிய மனிதர்கள் செய்வது என்ற எண்ணத்தோடு எழுந்துபோய்விடுவார்கள்.)

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுவதால்தான் வாக்கியம் சிக்கலாகிறதா?

தமிழில் யோசிப்பதில் ஒரு தப்பும் இல்லை. வாக்கியத்தின் கட்டுமானத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போவதில்தான் சிக்கல். இதைப் பாருங்கள்: 'வெப்பம் ஏறியதால் விரிந்த குழாயில் விழுந்த விரிசல் வழியாகக் கசிந்த எண்ணெய் தீப்பிடித்தது.' தமிழில் இது வழுக்கிக்கொண்டு போகிறது. எது முதலில் நடந்ததோ அது முதலில் வருகிறது, வினை கடைசியில் வந்து எல்லாவற்றையும் கட்டிவிடுகிறது. ஆங்கிலம் எழுவாயையும் வினையையும் சீக்கிரமே எதிர்பார்க்கும் மொழி. இதே வரிசையை அங்கே கொண்டுபோனால் எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே ஒரு ரயில் வண்டி நிற்கும்.

அதனால் மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள், உடைக்கச் சொல்லுங்கள். வெப்பம் ஏறியது. குழாய் விரிந்தது. விரிசல் விழுந்தது. எண்ணெய் கசிந்தது. தீப்பிடித்தது. ஐந்து நிகழ்ச்சிகள். இவற்றில் வாசகருக்கு எது முக்கியம் என்று முடிவு செய்துவிட்டு, அதிலிருந்து ஆங்கில வாக்கியத்தைக் கட்டட்டும். இரண்டு மொழியிலும் எழுத்து தேறுவதைப் பார்த்திருக்கிறேன். 'ஏ', 'தி' போன்ற சின்னச் சொற்களின் பிழைகளை எல்லாவற்றுக்கும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அவற்றால் எந்த இயந்திரமும் நின்றுபோகாது.

காப்பியடிப்பதை எப்படித் தடுப்பது?

முழுசாகத் திருடுகிறவர்களுக்கு விதிமுறை இருக்கிறது, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலான மாணவர்கள் செய்வது வேறு: மூல வாக்கியத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஐந்துக்கு ஒரு சொல்லை மாற்றுவது. அதைத் தப்பென்று அவர்கள் நினைப்பதுகூட இல்லை, 'என் சொந்த வார்த்தையில் எழுதினேன்' என்றே நம்புகிறார்கள். புரியாததைச் சொந்த வார்த்தையில் எழுத முடியாது என்பதுதான் அடிப்படைக் காரணம்.

படி, மூடு, பக்கத்தில் இருப்பவரிடம் வாயால் சொல், எழுது, பிறகு திறந்து சரிபார். இந்த வரிசை பலன் தருகிறது. மூடுகிற இடத்தில்தான் பலரும் ஏமாற்றுவார்கள், அதனால் வகுப்பிலேயே செய்ய வையுங்கள். இன்னொன்று, படிக்காத கட்டுரையை வேறொருவர் மேற்கோள் காட்டினார் என்பதற்காகத் தானும் காட்டுவது. நேர்முகத்தில் "இந்த ஏழாம் எண் கட்டுரையில் எத்தனை மாதிரிகள் சோதித்தார்கள்?" என்று ஒரு கேள்வி போதும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை அனுமதிக்கலாமா?

இந்தக் கேள்வி இப்போது எல்லாக் கேள்விகளையும் விழுங்கிவிட்டது. ஆய்விதழ் உலகம் 2023இல் ஓரளவு நிலையெடுத்துவிட்டது: அத்தகைய கருவி ஆசிரியராக இருக்க முடியாது, ஏனென்றால் எழுதியதற்கு அது பொறுப்பேற்க முடியாது, பயன்படுத்தினால் சொல்ல வேண்டும். வகுப்புக்கும் அந்த அளவுகோல் பொருந்தும் என்பது என் கருத்து.

தடை போட்டுப் பார்த்தேன். கண்டுபிடிக்கும் மென்பொருளையும் பார்த்தேன். சொந்தமாக எழுதிய பிள்ளைகளைச் சந்தேகப்பட வைத்ததுதான் மிச்சம். இப்போது செய்வது இது. ஆய்வகத்தில் எடுத்த குறிப்பு, முதல் வரைவு, திருத்திய வரைவு என மூன்றையும் வாங்குகிறேன். பிறகு ஐந்து நிமிடம் நேரில் பேசுகிறேன்: இந்தப் பத்தியை ஏன் இங்கே வைத்தாய், இந்த எண்ணை ஏன் நம்புகிறாய். தன் வாக்கியத்தைக் காப்பாற்றத் தெரிந்தவருக்கு மதிப்பெண். வாக்கியத்தைச் செப்பனிடக் கருவியைப் பயன்படுத்தினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. மேற்கோள் பட்டியலைக் கருவியிடம் கேட்டால்தான் விபரீதம். இல்லாத கட்டுரைக்கு அழகான தலைப்பும் பக்க எண்ணும் தந்துவிடும்.

ஒரு லாபமும் உண்டு. கருவி எழுதிய அறிக்கையை வகுப்பில் கொடுத்து, 'இதைப் படித்து பம்பை வாங்குவாயா?' என்று கேட்டால், வழவழப்பான பத்திகளுக்குள் ஒரு அளவீடுகூட இல்லை என்பதை மாணவர்களே பிடித்துவிடுகிறார்கள்.

60 அறிக்கைகளை யார் திருத்துவது?

ஒன்றுக்கு 20 நிமிடம் என்றால் 20 மணி நேரம். பருவத்துக்கு நான்கு முறை செய்தால் ஆளே போய்விடுவோம். எல்லாப் பிழையையும் சிவப்பு மையில் திருத்துவது ஆசிரியரின் மனசாட்சிக்குத்தான் நல்லது. மாணவர் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்துவிடுவார்.

பிழை இருக்கும் வரியின் ஓரத்தில் ஒரு குறி மட்டும் போடுங்கள், என்ன பிழை என்று சொல்லாதீர்கள். ரிச்சர்ட் ஹாஸ்வெல் என்ற ஆசிரியர் 1983இல் இதைச் செய்து பார்த்து எழுதினார். பாதிக்கும் மேற்பட்ட பிழைகளை மாணவர்கள் தாங்களே கண்டுபிடித்துத் திருத்திவிட்டார்கள். தெரியாமல் செய்த பிழைகளைவிடத் திரும்பிப் படிக்காமல் விட்ட பிழைகள்தான் அதிகம்.

விரிவான கருத்தைக் கடைசித் தாளுக்குக் கொடுக்காமல் முதல் வரைவுக்குக் கொடுங்கள், அதுவும் இரண்டே விஷயங்களில். மாணவர்கள் ஒருவர் தாளை ஒருவர் படிக்கும்போது 'கருத்துச் சொல்' என்று விட்டால் "நல்லா இருக்கு" என்று எழுதி முடித்துவிடுவார்கள். குறிப்பான வேலை கொடுங்கள்: முக்கிய முடிவை அடிக்கோடிடு, எந்த இடத்தில் திரும்பிப் போய்ப் படித்தாய் என்று அம்புக்குறி போடு. எழுதியவர் நினைத்த முடிவு ஒன்றும், நண்பர் கோடிட்ட முடிவு வேறொன்றுமாக இருக்கும்போது நான் பேச வேண்டிய அவசியமே இல்லை.

குழு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஒருவரே எழுதுகிறாரே?

அத்தியாயத்துக்கு ஒருவர் என்று பிரித்தால் நான்கு பேர் குரலில் ஒரு அறிக்கை வரும். ஒருவரே எழுதினால் மூன்று பேர் கற்றுக்கொள்ளவில்லை. எழுதியவர் திருத்தக் கூடாது, இன்னொருவர் திருத்த வேண்டும் என்று சுழற்சி வைத்துப் பாருங்கள். சண்டை வரும். அது பரவாயில்லை.

வேர்டா, லேட்டெக்கா?

சமன்பாடுகள் நிறைய இருந்தால் லேட்டெக் (கட்டளைகள் எழுதி ஆவணத்தை அமைக்கும் மென்பொருள்). இல்லாவிட்டால் கைக்கு வந்தது. எதுவானாலும் தலைப்புகளுக்கும் பட எண்களுக்கும் மென்பொருளின் தானியங்கி வசதியைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுங்கள். கையால் எண் போட்டவர்கள் கடைசி இரவில் ஒரு படத்தைச் சேர்த்துவிட்டு எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

எவ்வளவு நாளில் முன்னேற்றம் தெரியும்?

நடுவில் ஒரு கட்டத்தில் எழுத்து மோசமாவதுபோல் தெரியும், பயந்துவிடாதீர்கள். ஒரு வரியில் தப்பித்துக்கொண்டிருந்த மாணவர், 'ஏன் இந்த முடிவு எதிர்பார்த்ததிலிருந்து விலகியது' என்று விளக்க முயலும்போது வாக்கியம் முறுக்கிக்கொள்ளும், இலக்கணப் பிழை கூடும். யோசனை வளர்ந்திருக்கிறது, மொழி இன்னும் அதை எட்டவில்லை, அவ்வளவுதான். அந்த நேரத்தில் சிவப்பு மையைக் காட்டினால் பழையபடி பாதுகாப்பான ஒற்றை வரிக்கு ஓடிவிடுவார்கள்.

ஒரு பருவத்தில் வந்தது அடுத்த விடுமுறைக்குள் பாதி போய்விடும் என்பதும் உண்மை. அதனால் முதலாண்டில் ஒரு வகுப்போடு நிறுத்தாமல், மூன்றாம் ஆண்டு ஆய்வகம் ஒன்றிலும் இறுதியாண்டு ப்ராஜெக்டிலும் இதே வேலையைத் திரும்பச் செய்ய வைக்கிறேன். மூன்றாம் ஆண்டு அறிக்கைகளை நான் படிப்பதில்லை. பக்கத்துத் துறை மாணவர்களிடம் கொடுத்துவிடுவேன். அவர்கள் அதை மட்டும் வைத்துக்கொண்டு அதே சோதனையை மறுபடி செய்து பார்க்க வேண்டும்.